பொன்னில் பொறித்த வாழ்த்து: இடைக்கால இஸ்லாமிய உலகின் பொன், வெள்ளிப் பாத்திரங்கள்

1067ஆம் ஆண்டு வாக்கில் கெய்ரோவில் எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய வம்சத்துக் கலீஃபா அல்-முஸ்தன்ஸிரால் தம் படைக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. நைல் நதி சரியாகப் பொங்காமல் ஊரெல்லாம் பஞ்சம். துருக்கிப் படையினரோ பாக்கியைக் கேட்டு நெருக்கினார்கள். கடைசியில் அரண்மனைக் கருவூலத்தின் கதவுகள் திறந்தன. வெளியே வந்த பொருள்களைப் பற்றி அரபு வரலாற்றாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். கண்களுக்கு மாணிக்கம் பதித்த பொன் மயில், பொன்முலாம் பூசிய வெள்ளியில் மண்ணும் மரங்களுமாகச் செய்த ஒரு தோட்டம், பொன்னிலும் வெள்ளியிலும் கூஜாக்கள், தாம்பாளங்கள், கிண்ணங்கள், பேழைகள். இவற்றில் பெரும்பகுதி கைக்குக் கிடைத்த விலைக்குப் போனது. விலைபோகாதவை உருக்கப்பட்டன. ஃபாத்திமியர் காலத்து வெள்ளிப் பாத்திரம், உரியவரின் பெயர் பொறித்தது, இன்று எத்தனை இருக்கிறது என்று தேடினால் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இடைக்கால இஸ்லாமிய உலகின் கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் பாத்திரங்கள் இப்படி அரிதாகிப்போனதற்கு மார்க்கத் தடையைக் காரணம் காட்டுகிறார்கள். தடை இருந்தது உண்மைதான். வெள்ளிப் பாத்திரத்தில் பருகுகிறவர் தம் வயிற்றுக்குள் நரக நெருப்பையே மிடறு மிடறாக இறக்கிக்கொள்கிறார் என்ற நபிமொழி, நபியின் மனைவி உம்மு சலமாவின் வழியாகப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியிருக்கிறது. இந்த வெறுப்பு சட்ட நூல்களோடு நின்றுவிடவில்லை, பக்தியுள்ள வீடுகளின் பழக்கத்திலும் ஊறியிருந்தது. ஆனாலும் அரசவைகள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பாக்தாதிலும் கெய்ரோவிலும் கொர்தோபாவிலும் பொன்னும் வெள்ளியும் விருந்துகளில் தாராளமாகப் புழங்கின. இல்லாத பழக்கத்தைத் தடுக்க யாரும் அத்தனை பக்கம் எழுத வேண்டியதில்லை.

பாத்திரங்களை உண்மையில் அழித்தது உலைதான். பொன் பாத்திரம் என்பது அன்றைய அரசனுக்கு நாணயத்தின் இன்னொரு வடிவம். நல்ல காலத்தில் தீனாரை உருக்கித் தட்டு செய்வான். கெட்ட காலத்தில் தட்டை உருக்கித் தீனார் அடிப்பான். வேலைப்பாட்டுக்கு மதிப்பு உண்டு என்றாலும் எடைக்கு இருந்த மதிப்பு அதைவிடப் பெரிது. வெண்கலமும் பித்தளையும் தப்பித்தன, ஏனெனில் அவற்றை உருக்கி ஒரு படைக்குச் சம்பளம் கொடுத்துவிட முடியாது. ஆகவே இன்று அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளில் நாம் பார்ப்பது அந்த உலகின் சராசரி அல்ல. உலைக்கு எட்டாமல் போன சில பொருள்களையே பார்க்கிறோம்.

எட்டாமல் போக மூன்று வழிகள் இருந்தன. மண்ணுக்குள் புதைந்து போவது ஒன்று. வடக்கே காடுகளுக்குப் போவது இன்னொன்று: நடு ஆசியாவின் வெள்ளி வோல்கா வழியாக, மென்மயிர்த் தோலுக்கு விலையாக, யூரல் மலைப் பகுதி வரை சென்றது. அங்கே வாழ்ந்த மக்கள் அதை உருக்காமல் தங்கள் தெய்வங்களின் இடங்களில் வைத்துப் போற்றினார்கள். ரஷ்ய அறிஞர் ஸ்மிர்னோவ் 1909இல் வெளியிட்ட கிழக்கத்திய வெள்ளியின் பெரிய படத்தொகுப்பு பெருமளவு இந்தக் கண்டெடுப்புகளால் ஆனது. மூன்றாவது வழிதான் வியப்பானது. சில பாத்திரங்கள் கிறித்தவத் தேவாலயங்களின் கருவூலங்களுக்குப் போயின. கொள்ளையாகவோ காணிக்கையாகவோ பரிசாகவோ போன அவை, புனிதப் பொருள்களுக்குரிய மரியாதையோடு நூற்றாண்டுகள் பூட்டிக் காக்கப்பட்டன.

ஸ்பெயினின் வடகிழக்கில் உள்ள கிரோனா நகரப் பேராலயத்தில் அப்படி ஒரு பேழை இருக்கிறது. உள்ளே மரக்கூடு. மேலே பொன்முலாம் பூசிய வெள்ளித் தகடுகள். நீளம் 38 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். தகடு முழுவதும் இலைச் சுருள்கள் வரிசை வரிசையாகப் புடைப்பு வேலையில் எழும்பி நிற்கின்றன. மூடியின் கீழ்விளிம்பைச் சுற்றி ஒரே வரியாகக் கூஃபி என்னும் கோண வடிவ அரபு எழுத்து ஓடுகிறது. இறைவனின் பெயரால் தொடங்கி, இறைவனின் அடியாரும் விசுவாசிகளின் தலைவருமான அல்-ஹகம் அல்-முஸ்தன்ஸிருக்கு அருளும் மகிழ்ச்சியும் வேண்டி, முஸ்லிம்களின் ஆட்சி வாரிசான அபுல் வலீத் ஹிஷாமுக்காக அவர் செய்யச் சொன்னது இது, ஜவ்தரின் மேற்பார்வையில் முடிந்தது என்று அது சொல்கிறது.

சொற்கள் சம்பிரதாயமாகத் தெரியும். ஆனால் இது எழுதப்பட்ட தருணம் அப்படிப்பட்டதல்ல. கொர்தோபாவின் கலீஃபா இரண்டாம் அல்-ஹகம் நோயுற்றிருந்தார். மகன் ஹிஷாம் பத்து வயதுச் சிறுவன். சிறுவன் கலீஃபா ஆகலாமா என்ற கேள்வி அரண்மனையில் முணுமுணுப்பாக இருந்தது. அதை அடக்க, 976ஆம் ஆண்டு பிப்ரவரியில் அரசவையைக் கூட்டி ஹிஷாமை வாரிசாக ஏற்று உறுதிமொழி வாங்கினார் அல்-ஹகம். அதே ஆண்டு அக்டோபரில் இறந்துபோனார். பேழை இந்த இடைவெளியில் செய்யப்பட்டது என்பதே பொதுவான கணிப்பு. "ஆட்சி வாரிசு" என்ற பட்டம் அந்தத் தகட்டில் ஏறியதற்குக் காரணம் அந்த அவசரம்தான். தந்தை மகனுக்குத் தரும் பரிசிலேயே அரசியல் அறிவிப்பும் அடங்கிவிட்டது.

அந்த வரியின் கடைசியில் வரும் ஜவ்தர் யார்? அரண்மனையின் அடிமை அதிகாரிகளில் ஒருவர். பொற்கொல்லர் பட்டறைக்கும் வேட்டைப் பருந்துகளைப் பழக்குவோருக்கும் அவரே தலைவர் என்று அரபு வரலாறு குறிப்பிடுகிறது. அல்-ஹகம் இறந்த இரவில் அவரும் அவருடைய கூட்டாளி ஃபாயிக்கும் மரணச் செய்தியை மறைத்து, சிறுவன் ஹிஷாமுக்குப் பதிலாக அல்-ஹகமின் தம்பி அல்-முஃகீராவை அரியணையில் ஏற்றத் திட்டமிட்டார்கள். திட்டம் கசிந்தது. அல்-முஃகீரா அன்றே கொல்லப்பட்டார். சில மாதங்களுக்கு முன்பு "வாரிசு ஹிஷாம்" என்று வெள்ளியில் பொறிக்க மேற்பார்வை பார்த்தவரும் அந்த வாரிசுக்கு எதிராக எழுந்தவரும் ஒரே ஜவ்தர் என்றுதான் ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். பொறித்த வாசகத்தை மட்டும் படித்துவிட்டு நகர்ந்தால் இந்தக் கொந்தளிப்பு எதுவும் கண்ணில் படாது.

இன்னொரு எழுத்தும் இந்தப் பேழையில் உண்டு. பூட்டின் மேல் மடிந்து விழும் தகட்டைத் தூக்கினால்தான் அது தெரியும். "பத்ரும் தரீஃபும் செய்தது, அவருடைய அடிமைகள்" என்ற சிறு வரி. பெரிய எழுத்தில் கலீஃபாவின் பெயரும் மேற்பார்வையாளர் பெயரும் ஊருக்குத் தெரியும்படி சுற்றி வருகின்றன. உளி பிடித்தவர்களின் பெயர் மூடியின் மடிப்புக்குள் இருக்கிறது. அந்த இரண்டாவது பெயரைத் தரீஃப் என்று படிப்பதா, ளரீஃப் என்று படிப்பதா என்று அறிஞர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். கூஃபியில் பெரும்பாலும் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை, அரபியில் இந்த இரண்டு எழுத்துக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வேறுபாடு. ஆயிரம் ஆண்டு தாண்டி வந்த ஒரு கைவினைஞனின் பெயர் அந்த ஒற்றைப் புள்ளியில் தொங்குகிறது. இந்த மறைவு எழுத்தை அடக்கத்தின் அடையாளம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தினமும் பேழையைத் திறக்கும் கை அந்தத் தகட்டைத் தூக்கித்தான் ஆக வேண்டும். ஊரார் பார்க்கும் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, உரியவர் தவறாமல் பார்க்கும் இடத்தை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஹிஷாம் பெயரளவில் கலீஃபா ஆனார். ஆட்சி முழுவதும் அமைச்சர் அல்-மன்சூரின் கையில் இருந்தது. 1009இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. 1010இல் பார்சிலோனா, ஊர்ஹெல் பிரபுக்களின் கட்டலான் படை ஒரு தரப்புக்குத் துணையாகக் கொர்தோபா வரை வந்தது. கிரோனாவின் ஆயரும் அந்தப் படையெடுப்பில் உயிரிழந்தார். பேழை அந்தக் கொள்ளையில் வடக்கே வந்திருக்கும் என்பது பரவலான கருத்து. ஹிஷாமோ 1013க்குப் பிறகு வரலாற்றிலிருந்தே காணாமல் போனார். அவருக்காகச் செய்த பேழை ஒரு பேராலயத்தில் பத்திரமாக இருக்கிறது.

ஸ்பெயினிலேயே லியோன் நகரத்தில், சான் இசிதோரோ தேவாலயத்தில், இதைவிடச் சிறியதாக உள்ளங்கையில் வைக்கக்கூடிய ஒரு வெள்ளிச் செப்பு இருக்கிறது. இது ஃபாத்திமிய எகிப்தின் வேலை. வெள்ளியில் பொன்முலாம், பள்ளங்களில் நியெல்லோ என்னும் கரும்பொருள். நிலைத்த புகழ், நீடித்த வளம், ஓயாத பாதுகாப்பு என்று அடுக்கடுக்காக வாழ்த்துச் சொல்லி, இது ஸதகா இப்னு யூசுஃபின் கருவூலத்துக்காகச் செய்யப்பட்டது என்று முடிகிறது. ஸதகா அல்-ஃபல்லாஹி பிறப்பால் யூதர், பின்னர் இஸ்லாத்தைத் தழுவியவர். 1040களின் நடுவில், தொடக்கத்தில் பார்த்த ஃபாத்திமிய கலீஃபா அல்-முஸ்தன்ஸிரின் வஸீராக, அதாவது தலைமை அமைச்சராக, இருந்தார். அவர் வஸீராக இருந்த காலம் குறுகியது என்பதால், செப்பின் காலத்தையும் மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் குறித்துவிட முடிகிறது. பெயர் பொறித்த பாத்திரத்தால் வரலாற்றாசிரியனுக்குக் கிடைக்கும் பெரிய உதவி இதுதான்.

ஸதகா வஸீராக இருந்தபோது, 1047இல், பாரசீகக் கவிஞர் நாஸிர் குஸ்ரவ் கெய்ரோவுக்கு வந்தார். அரண்மனைக்குள் நுழைந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. கலீஃபாவின் அரியணையின் மூன்று பக்கமும் பொன் என்றும், அதில் வேட்டைக் காட்சிகளும் அழகிய கையெழுத்தில் வாசகங்களும் இருந்தன என்றும் எழுதியிருக்கிறார். அவர் அங்கே இருந்தபோதே, கலீஃபாவின் தாயாருக்கு நெருக்கமான யூத வணிகர் அபூ ஸஅத் அல்-துஸ்தரி துருக்கிப் படையினரால் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் வீட்டு மாடியில் 300 வெள்ளித் தொட்டிகளில் மரம் வைத்திருந்தாராம், நாஸிர் குஸ்ரவ் கேள்விப்பட்டதைச் சொல்கிறார். அந்தக் கொலைக்குப் பின்னால் ஸதகா இருந்தார் என்று கலீஃபாவின் தாயார் நம்பினார். வஸீர் பதவி பறிபோனது, பிறகு தலையும் போனது. தொட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நிலைத்த புகழ் வேண்டிய செப்பு மட்டும் மத்தியதரைக் கடலின் மறுகோடியில் இருக்கிறது.

இந்த வாழ்த்துகளைப் படிக்கும் முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பொன், வெள்ளி, பித்தளை எதுவானாலும் அரபு எழுத்துள்ள பாத்திரம் என்றவுடன் அதில் குர்ஆன் வசனம் இருக்கும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். பள்ளிவாசல் விளக்குகளில் உண்டு, நோய் தீர்க்கும் நம்பிக்கையில் தண்ணீர் ஊற்றிக் குடித்த பித்தளைக் கிண்ணங்களில் உண்டு. விருந்துப் பாத்திரங்களில் அநேகமாக இருக்காது. அங்கே இருப்பவை பரகத், யும்ன், ஸுரூர், ஸஆதா, ஸலாமா, இஸ்ஸ், பகா என்று ஒரு சிறு சொற்கூட்டம்: அருள், நற்பேறு, மகிழ்ச்சி, வளம், நலம், புகழ், நீடித்திருத்தல். முடிவில் "இதன் உரிமையாளருக்கு" என்று வரும். சந்தைக்குச் செய்த பாத்திரத்தில் பெயர் இருக்காது, வாங்குகிறவர் எவரோ அவருக்கே வாழ்த்து. ஆணையின்படி செய்ததில் பெயரும் பட்டமும் ஏறும். வட்டமான விளிம்பில் எழுதும்போது இடம் முடிந்துவிட்டால் வாழ்த்தும் அங்கேயே, சில சமயம் ஒரு சொல்லின் நடுவிலேயே, நின்றுவிடும். வாசகத்தைக் கடைசிவரை படிப்பார்கள் என்று வேலை செய்தவர்கள் எதிர்பார்க்கவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. எழுத்து அங்கே சுற்றி வருவதே போதுமானதாக இருந்தது.

எப்போதும் இப்படி எழுத்தே ஆண்டதாகச் சொல்ல முடியாது. இஸ்லாத்துக்கு முந்தைய ஸாஸானிய ஈரானின் வெள்ளித் தட்டுகளில் அரசன் குதிரைமேல் சிங்கத்தை வேட்டையாடுவான், எழுத்து பெரும்பாலும் இருக்காது. அந்தக் கிண்ணங்கள் அப்பாஸிய கலீஃபாக்களின் பாக்தாதின் மதுக்கூடங்களிலும் சுற்றின. 814 வாக்கில் இறந்த கவிஞர் அபூ நுவாஸ் ஒரு பொற்கிண்ணத்தைப் பாடியிருக்கிறார்: அடியில் கிஸ்ரா எனப்படும் ஸாஸானிய மன்னன், சுற்றுச்சுவரில் மான்களைத் துரத்தும் வில்லாளிகள், வீரர்களின் கழுத்துப் பொத்தான் வரை மது, அவர்கள் தொப்பியின் உயரம் வரை தண்ணீர். மதுவுக்கும் தண்ணீருக்கும் கிண்ணத்தின் படமே அளவு! அடுத்த நூற்றாண்டில் அதே பாக்தாதில் மதுக்குப்பியிலும் கிண்ணத்திலும் கவிதை எழுதி வைப்பது நாகரிகமான இளைஞர்களின் மோகமாகிவிட்டது. அந்த நகரத்து எழுத்தாளர் அல்-வஷ்ஷா எந்தெந்தப் பொருளில் எந்தெந்தக் கவிதை எழுதப்பட்டது என்று தம் நூலில் தனித்தனிப் பகுதியாகத் தொகுத்திருக்கிறார். பொன், வெள்ளிப் பாத்திரங்களும் அந்தப் பட்டியலில் வருகின்றன.

பட்டியல் வெறும் ஏட்டுச் சமாசாரம் அல்ல என்பதற்குச் சான்று பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஒரு பொற்கிண்ணம். 11 அல்லது 12ஆம் நூற்றாண்டு ஈரானைச் சேர்ந்தது, மேற்கு ஈரானின் நிஹாவந்தில் கிடைத்ததாகச் சொல்லப்படுவது. விளிம்பைச் சுற்றி இப்னுல் தம்மார் அல்-வாஸிதி என்ற 10ஆம் நூற்றாண்டுக் கவிஞரின் வரிகள். மது ஒரு சூரியன், உடுத்தியிருப்பது சீனத்துச் சிவப்புப் பட்டு, அது ஊற்றெடுப்பது குடுவையிலிருந்து. பருகு, இன்றைய நாள் பனித்துளியோடு வந்த இன்பத்தின் நாள் என்பது அதன் பொருள். உதட்டை வைக்கிற இடத்திலேயே கவிதை. கையில் பொன், உள்ளே மது, வரியில் இரண்டுக்கும் புகழ்ச்சி. மார்க்கம் தடுத்த இரண்டு காரியங்களை ஒரே கையில் ஏந்தியவருக்கு அதை மறைக்கும் எண்ணமே இருக்கவில்லை. விருந்து என்பது அரசவையின் வேலையாகவே இருந்த காலம் அது. யார் யார் பக்கத்தில் அமர்கிறார்கள், யாருக்கு யார் ஊற்றுகிறார்கள் என்பதில் ஆட்சியின் அடுக்கு வெளிப்பட்டது.

அப்படிப்பட்ட அவைக்கு உரிய இன்னொரு பாத்திரம் அமெரிக்காவின் வாஷிங்டனில், ஃப்ரீர் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஒரு சாணுக்கும் குறைந்த உயரமுள்ள பொன் கூஜா, உடலெங்கும் நகாசு வேலை. வாழ்த்துச் சொல்லி, அபூ மன்ஸூர் அமீர் பக்தியார், முஇஸ்ஸுத் தவ்லாவின் மகன் என்று பெயர் குறிக்கிறது. இந்த பக்தியார் புவைஹியர் என்ற ஈரானிய வம்சத்தவர், 967 முதல் பாக்தாதை ஆண்டவர். கலீஃபா பெயருக்கு அரண்மனையில் இருக்க, உண்மையான அதிகாரம் இவர் கையில். 978இல் சொந்தப் பெரியப்பா மகன் அழுதுத் தவ்லாவிடம் போரில் தோற்றுக் கொலையுண்டார். பக்தியார், ஹிஷாம், ஸதகா மூவரின் முடிவையும் சேர்த்துப் பார்க்கும்போது இந்தப் பாத்திரங்களின் சொற்கள் வேறு கனம் பெறுகின்றன. பகா, ஸலாமா போன்ற சொற்களை நாம் அலங்காரம் என்று தள்ளிவிடுகிறோம். அரண்மனை வாழ்க்கையில் அவை உண்மையாகவே வேண்டித் தவிக்கும் பொருள்களாக இருந்தன.

எழுத்து எப்படி ஏறியது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனெனில் எழுத்தின் அழகில் பாதி அந்த வேலையில் இருக்கிறது. வெள்ளியில் முதலில் உளியால் எழுத்தின் வடிவத்தைப் பள்ளமாக வெட்டுவார்கள். வெள்ளி, செம்பு, ஈயம் ஆகியவற்றைக் கந்தகத்தோடு உருக்கிக் கிடைக்கும் கரும்பொருளைப் பொடித்து அந்தப் பள்ளத்தில் நிரப்பிச் சூடேற்றுவார்கள். அது இளகிப் பள்ளத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆறியபின் மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றினால் வெள்ளைத் தகட்டில் கரிய எழுத்து, காகிதத்தில் மை போல நிற்கும். இதுதான் நியெல்லோ. சூடு கூடினால் வெள்ளியே கெட்டுவிடும், குறைந்தால் கருமை பிடிக்காது. பின்னணியை வெறுமையாக விடாமல், வட்ட முனையுள்ள அச்சுளியால் நெருக்கமாகக் குத்திச் சிறு வளையங்களால் நிரப்புவதும் உண்டு. ஒளி அந்த வளையங்களில் சிதறிப் போவதால் வழவழப்பான எழுத்து முன்னால் எழுந்து வரும்.

இந்தக் கரிய எழுத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு தெஹ்ரானில் உள்ள ஒரு வெள்ளித் தொகுதி. அமீர் அபுல் அப்பாஸ் வல்கீன் இப்னு ஹாரூன் என்பவருக்காக 10ஆம் நூற்றாண்டின் முடிவிலோ 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ செய்யப்பட்டது. கிண்ணங்கள், கூஜாக்கள், தாம்பாளம் எல்லாவற்றிலும் ஒரே வாழ்த்து, ஒரே பெயர். படம் எதுவும் கிட்டத்தட்ட இல்லை. பட்டையாக ஓடும் கூஃபி எழுத்தே முழு அலங்காரம். அந்த அமீர் யார் என்று வரலாற்று நூல்களில் தேடினால் ஆள் கிடைப்பதில்லை. பெரிய வம்சங்களின் ஓரத்தில் எங்கோ ஆண்ட சிற்றரசராக இருக்க வேண்டும். என் பார்வையில், எழுத்து ஓவியத்தின் இடத்தை முழுமையாக எடுத்துக்கொண்டது இந்தத் தொகுதியில்தான். பக்தியாரின் கூஜாவில்கூட எழுத்து மற்ற நகாசுகளோடு இடம் பகிர்ந்துகொள்கிறது. வல்கீனின் வெள்ளியில் அது தனியாக, யாருக்கும் வழிவிடாமல் நிற்கிறது.

12ஆம் நூற்றாண்டில் காட்சி மாறுகிறது. குராசானின் ஹெராத் நகரில் (இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ளது) வெண்கலத்திலும் பித்தளையிலும் பள்ளம் வெட்டி, வெள்ளித் தகட்டையும் கம்பியையும் அடித்துப் பதிக்கும் வேலை உச்சத்துக்கு வந்தது. இதில் புகழ்பெற்றது, இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடேஜில் உள்ள, பொப்ரின்ஸ்கி வாளி எனப்படும் குளியல் வாளி. ஹிஜ்ரி 559 முஹர்ரம், அதாவது 1163 டிசம்பர் என்று நாள் குறித்திருக்கிறது. ஆணையிட்டவர், வார்த்தவர், வெள்ளி பதித்தவர், பெற்றுக்கொண்டவர் என்று நால்வரும் பெயரோடு வருகிறார்கள். வெள்ளி பதித்த மஸ்ஊத் இப்னு அஹ்மதின் பெயர் மறைவில் இல்லை. பெற்றுக்கொண்ட ரஷீதுத்தீன் அஸீஸியின் பட்டங்கள்: வணிகர்களின் பெருமை, முஸ்லிம்களின் நம்பிக்கைக்குரியவர், ஹஜ்ஜுக்கும் இரு புனிதத் தலங்களுக்கும் அணிகலன். எழுத்துகளின் தண்டுகள் மேலே மனிதத் தலைகளாக முடிகின்றன. வாழ்த்துச் சொற்களே எழுந்து விளையாடுவதுபோல இருக்கும்.

வெள்ளிப் பாத்திரத்தின் இடத்துக்கு வெள்ளி பதித்த பித்தளை வந்தது ஏன் என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், 11ஆம் நூற்றாண்டில் கிழக்கில் ஏற்பட்ட வெள்ளித் தட்டுப்பாடு. நடு ஆசியாவை ஆண்ட ஸாமானியர் ஆட்சி முடிந்தபின் அங்கே வெள்ளி நாணயம் தரம் குன்றியது நாணயங்களிலேயே தெரிகிறது. ஆனால் அது மட்டும் போதுமான விளக்கமாக எனக்குப் படவில்லை. அந்த வாளியின் வாசகத்தை மறுபடி படித்தால் வாங்குபவர் மாறியிருப்பது தெரியும். அவர் அமீரும் அல்ல, வஸீரும் அல்ல, வணிகர். அரசவையைப்போல எழுத்தும் பெயரும் பட்டமும் அவருக்கும் வேண்டும். முழுப் பாத்திரத்தையும் வெள்ளியில் செய்தால் செலவு மட்டுமல்ல, பக்தியுள்ள ஒருவருக்கு மனச்சங்கடமும் உண்டு. பித்தளையில் பதித்த வெள்ளிக்குச் சட்டத்தில் இடம் இருந்தது. நபியின் கிண்ணம் உடைந்தபோது வெள்ளிக் கம்பியால் பிணைக்கப்பட்டது என்று நபித்தோழர் அனஸ் வழியாக வரும் செய்தி சட்ட அறிஞர்களின் விவாதத்துக்கு அடிப்படையாக இருந்தது. ஷாஃபி சட்டப் பிரிவின் அறிஞர்கள் தேவைக்கேற்ற சிறிய வெள்ளி ஒட்டை ஏற்றார்கள். இமாம் அபூ ஹனீஃபாவோ, வாய் படும் இடத்தில் வெள்ளி இல்லாவிட்டால் அப்படிப்பட்ட பாத்திரத்தில் குடிக்கலாம் என்றார். ஹெராத்தின் வணிகர்கள் சட்ட நூலைக் கையில் வைத்துக்கொண்டு வாளி வாங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையைச் சுடாத ஒரு வழி திறந்திருந்தது, அந்த வழியில் ஒரு பெரிய கலை வளர்ந்தது.

13ஆம் நூற்றாண்டில் அதன் மையம் இராக்கின் மோசூல். 1232இல் ஷுஜா இப்னு மன்ஆ மோசூலில் செய்த ப்லாகாஸ் கூஜா பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. செய்த ஊரின் பெயரையும் அதிலேயே பொறித்திருப்பதால், மற்ற மோசூல் வேலைகளை அடையாளம் காண்பதில் அதற்குத் தனி இடம் உண்டு. பிறகு அந்தக் கலை டமாஸ்கஸுக்கும் மம்லூக் சுல்தான்களின் கெய்ரோவுக்கும் போனது. எழுத்து கோணங்கள் மிகுந்த கூஃபியிலிருந்து வளைந்தோடும் நஸ்க், துலுத் வடிவங்களுக்கு மாறியது. சுல்தான்களின் பட்டங்கள் பாத்திரத்தின் வயிற்றை முழுவதும் வளைத்துக்கொண்டன.

மம்லூக் காலத்தில் இந்தக் கலை அடைந்த முடிவை கெய்ரோவின் வரலாற்றாசிரியர் அல்-மக்ரீசி 15ஆம் நூற்றாண்டில் பதிவு செய்கிறார். வெள்ளி பதிப்போரின் கடைத்தெரு ஒரு காலத்தில் அத்தனை கூட்டமாக இருந்ததாம். நகரத்தில் இந்தப் பாத்திரம் இல்லாத வீடே இல்லை என்னும்படி இருந்ததாம். மணப்பெண்ணின் சீரில் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ஏழு பாத்திரங்கள் போகுமாம். தம் காலத்தில் அந்தக் கடைத்தெருவில் சிலரே மிஞ்சினார்கள் என்கிறார். பழைய பாத்திரங்களைத் தேடி வாங்குகிறவர்கள் இருந்தார்கள், பதித்த வெள்ளியைச் சுரண்டி எடுப்பதற்காக. வெள்ளி போன இடத்தில் வாசகம் வெறும் பள்ளமாக மட்டுமே தெரியும் பித்தளைகள் இன்று பல அருங்காட்சியகங்களில் உண்டு. உலையிலிருந்து தப்பிக்கும் வழியாக வந்த கலையையும் பணமுடை விட்டுவைக்கவில்லை.

கடைசியாக, இந்தத் துறையில் வேலை செய்கிறவர்களை வாட்டும் ஒரு தொல்லை. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்கள் ஈரானியப் பொருள்களுக்குப் போட்டி போட்டன. தோண்டிய இடம் எதுவென்று பதிவில்லாத பொன்னும் வெள்ளியும் வணிகர்கள் வழியாக வந்துகொண்டே இருந்தன. அரசர் பெயர் பொறித்திருந்தால் விலை பல மடங்கு. ஆகவே போலி செய்பவனின் முதல் கருவியும் எழுத்தே ஆனது. ஈரானின் ரய் நகரில் கிடைத்ததாகச் சொல்லி விற்கப்பட்ட புவைஹியர் காலத்துப் பட்டுத் துணிகளைக் கார்பன் சோதனைக்கு உட்படுத்தியபோது அவற்றில் பல அண்மைக் காலத்தவை என்று தெரிந்தது. பாஸ்டன் அருங்காட்சியகம் 1930களில் வாங்கிய, ஈரானை ஆண்ட துருக்கிய ஸல்ஜூக் வம்சத்துச் சுல்தான் அல்ப் அர்ஸ்லானின் பெயரும் ஹிஜ்ரி 459 என்ற ஆண்டும் உள்ள பெரிய வெள்ளித் தாம்பாளத்தையும் அறிஞர்கள் பலர் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள்.

சோதிக்கும் வழிகள் பல. உலோகத்தில் கலந்துள்ள பிற உலோகங்களின் அளவைப் பார்க்கிறார்கள். கருவி பட்ட தடங்களை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். ஆனால் முதலில் ஐயத்தைக் கிளப்புவது அநேகமாக வாசகத்தைப் படிக்கத் தெரிந்தவர்தான். அந்த நூற்றாண்டில் புழக்கத்தில் இல்லாத ஒரு பட்டம், அந்த ஊரில் வழங்காத ஒரு எழுத்து வளைவு, வாழ்த்துச் சொற்கள் வழக்கமான வரிசையிலிருந்து பிறழ்ந்திருப்பது ஆகியவை அவர் கண்ணில் படும். பட்டங்களைச் சரிபார்க்க அவர் அதே அரசர் அடித்த நாணயங்களை எடுத்து வைத்து ஒப்பிடுகிறார். நாணயங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன, ஊரும் ஆண்டும் அவற்றிலேயே அச்சாகியிருக்கின்றன. உருகி நாணயமாகிப்போன பாத்திரங்களின் பொன்னும் வெள்ளியும் அந்தக் குவியலில் கலந்துதான் இருக்கும்.